ராக்காயியின் பிறைக்கல்

ராக்காயிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இலங்கை மலைநாட்டில் குயில்மலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியாராக வந்தது 1952இல். அதற்கு முந்திய வருஷம்தான் அவளும் புருஷன் மூக்கனும் அங்கே பேர் பதிந்திருந்தார்கள். அதற்கு முன் றொசல்லப் பக்கம் ஒரு தோட்டம், நோர்வூட் பக்கம் இரண்டு தோட்டம். எதிலும் மூன்று வருஷம் முழுசாக இருந்ததில்லை. கங்காணி ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிவிட்டார் என்றோ, அந்த மலையின் காற்று பிடிக்கவில்லை என்றோ, சில சமயம் காரணமே இல்லாமலோ தோட்டத்தை விட்டு விலகப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிவிடுவாள். மூக்கன் சட்டிபானையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடப்பான்.

உடப்புசல்லாவைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்த மறுநாளே மூக்கன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"இனி நான் சட்டிபானை தூக்க மாட்டேன் புள்ள. இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருக்கோம். விசாரணையில எங்க இருந்தீங்க, எத்தன வருசம் இருந்தீங்கன்னு கேப்பாங்க. பேர வெட்டிட்டாங்கன்னா அம்புட்டுத்தான். எந்த நாட்டுக்கும் ஆகாம நிக்கணும்."

அவள் சரியென்று தலையாட்டினாள். ஆனால் கால் கேட்கவில்லை. கொழுந்து எடுக்கும்போது தன் நிரையை முடிக்காமல் அடுத்த நிரைக்குத் தாவுவாள். பாதிச் செடியில் கையை எடுத்துவிட்டு மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கங்காணி முறையிட்டார். கங்காணிக்கு மேலதிகாரியான கண்டாக்கு செல்லசாமி அவளை மலையிலிருந்து எடுத்து ரோட்டு வேலைக்குப் போட்டுவிட்டார். தோட்டத்து ரோட்டுக்குச் சல்லி உடைக்கும் வேலை. குந்த வைத்து, கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடுவாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் மேல்பிரிவில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைக்க மலைமுகட்டைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே கிளம்பிய கல்லையெல்லாம் வண்டியில் கொண்டுவந்து ராக்காயியின் முன்னால் கொட்டுவார்கள். பாதிக்கு மேல் வெங்கச்சாங்கல். வெள்ளைவெளேரென்று, சில இடங்களில் பனிக்கட்டி மாதிரி உள்ளே வெளிச்சம் தெரியும். அந்த மண்ணில்தான் தோட்டத்தை நடத்தும் துரை ஆசையாகத் தேடிய சாமானும் இருந்தது. ஆதிகாலத்து மனிதர்கள் கல்லில் செய்த சின்னச் சின்ன ஆயுதங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்: வடிவாக வெட்டின சிறு கல் எதைக் கண்டாலும் கண்டாக்கிடம் கொடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து அதில் கெட்டிக்காரரான ஒரு பெரிய மனிதர் வரப்போகிறார்.

ஒரு திங்கட்கிழமை ராக்காயியின் குவியலில் அப்படி ஒன்று கிடைத்தது. நகத்தளவுதான் இருக்கும். மூன்றாம் பிறை போல ஒரு துண்டு. நேர்விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. வளைந்த முதுகு மட்டும் மழுங்கியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வருஷமாகக் கல்லை உடைக்கிறவள் அவள். தன் சுத்தியல் உடைத்தால் கல் எப்படிப் பிளக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அப்படி உடைந்ததல்ல. முதுகோரம் நெடுகிலும் எறும்பு கடித்தது போல வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒருத்தர் குந்தியிருந்து, பொறுமையாக, ஒவ்வொன்றாகத் தட்டியெடுத்திருக்கிறார்.

"எத வச்சுத் தட்டியிருப்பாங்க?" என்று பக்கத்தில் சல்லி உடைத்த வேலாயியிடம் கேட்டாள்.

"அத நீ ஏன் கேக்குற? கண்டாக்கையாகிட்டக் குடுத்துட்டு வேலயப் பாரு."

அவள் கொடுக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று என்று மூக்கன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

முதலில் அவள் எடுத்தது கையிலிருந்த இரும்புச் சுத்தியலைத்தான். ஓங்கினால் வெங்கச்சாங்கல் மாவாகிப் போனது. மெதுவாகத் தட்டினால் உள்ளுக்குள் விரிசல் விட்டு, பிறகு தொட்டதும் உதிர்ந்தது. இரும்பு கல்லைக் கொல்லும், வெட்டாது என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரமாயிற்று. அந்தக் காலத்து மனிதனிடம் இரும்பு ஏது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் துணி துவைக்க ஆற்றுக்குப் போனபோது அவளும் போனாள். துணி அப்படியே கிடந்தது. அவள் முழங்கால் தண்ணீரில் நின்று உருண்டைக் கல் பொறுக்கினாள். முதலில் தேங்காய் அளவில் ஒன்று எடுத்தாள். கை வலித்ததுதான் மிச்சம், போட்ட இடத்தில் அடி விழவில்லை. பிறகு எலுமிச்சங்காய் அளவில் ஒன்று. அதில் பலமில்லை. கடைசியில் முட்டை வடிவில், உள்ளங்கைக்குள் அடங்கி ஒரு நுனி மட்டும் வெளியே தெரிகிற கல்லே சரியென்று கண்டாள். அதிலும் மழமழப்பானது வழுக்கிக்கொண்டு போனது. மேல் கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பது கடித்துப் பிடித்தது. பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பது போல ஒன்றோடொன்று தட்டிக் காதில் வைத்துக் கேட்டாள். கணீரென்றால் நல்ல கல். சொத்தென்று கேட்டால் உள்ளே கீறல் இருக்கிறது. அப்படிப் பெரிதொன்று, நடுத்தரம் ஒன்று, சிறிதொன்று என்று மூன்றைக் கொண்டுவந்தாள். துணியைத் துவைத்துக் கொண்டுவந்தது வேலாயி.

துண்டைக் கையில் பிடித்துத் தட்டினால் விரல் கிழிந்தது. தொடையில் வைத்துத் தட்டினால் தொடை கிழிந்தது. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை நாலாக மடித்துப் போட்டாள். அதையும் சில்லு துளைத்தது. மூக்கன் வேலை செய்யும் தேயிலை ஆலையில் மெஷினைச் சுற்றும் தோல் பட்டி அறுந்தால் மூலையில் எறிந்துவிடுவார்கள்.

"அதுல ஒரு முழம் கொண்டாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"தொடையில போட."

மூக்கன் அவளுடைய தொடையைப் பார்த்தான், விரல்களைப் பார்த்தான். அடுத்த நாள் ஆலைக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கேட்டு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தான். வேலாயியிடம் மட்டும் சொன்னானாம்: "கல்லுப் பைத்தியம் புடிச்சாலும் பரவாயில்ல. ஆறு மாசமா பற்றுச்சீட்டுப் பேச்சே எடுக்கல."

கல்லால் கல்லைப் பிளந்து மெல்லிய சில்லெடுப்பது வந்துவிட்டது. விளிம்பில் அந்த எறும்புக்கடிப் பள்ளங்கள்தான் வரவில்லை. கல் நுனி அதற்குத் தடிப்பாக இருந்தது. உடப்புசல்லாவைக் கடைத்தெருவில் நூர்தீன் நானாவின் கடையில் ஒரு மரைமான் கொம்பு சுவரில் தொங்கும். அதில் ஒரு கிளை முறிந்து, கல்லாப்பெட்டியின் பக்கத்தில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தார். அரிசி வாங்கப் போனவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானா, அந்தக் கொம்பு ரொம்ப இறுக்கமா இருக்குமா?"

"எலும்ப விட இறுக்கம், கல்ல விட மெது. ஏன் தங்கச்சி, மருந்துக்கா?"

"கல்லுல வச்சு அமுக்கிப் பாக்கணும்."

நாலைந்து பேர் அரிசிக்கு நின்றிருந்தார்கள். நூர்தீன் நானா கொம்பை எடுத்து அவளுடைய பைக்குள் போட்டு, "சரிவரல்லாட்டித் திருப்பித் தாங்க, எனக்குக் காகிதம் பறக்கும்" என்றார்.

கல்லை விட மெது என்று அவர் சொன்னதுதான் அவளுக்கு வழி காட்டியது. மெதுவானது கல்லைக் கவ்வியது. அழுத்தித் திருகினால் நுனியில் ஒரு சிறு செதில் துள்ளிப் போனது. ஆனால் வெங்கச்சாங்கல் முரட்டுக் கல். பத்தில் ஒன்பது பாழானது. துரை பங்களாவில் சமைக்கிற அழகுமுத்துவிடம் காலிப் போத்தல்களைக் கேட்டு வாங்கி, அவற்றின் தடித்த அடியில் கை பழகினாள். கண்ணாடி சொன்னபடி கேட்கும். விளிம்பைச் சொரசொரப்பான பாறையில் லேசாகத் தேய்த்துவிட்டு அழுத்தினால் வழுக்காது என்பதைக் கண்ணாடியில்தான் கற்றாள். ஒருநாள் ஒரு சில்லு தெறித்துக் கண்ணுக்குக் கீழே அரை அங்குலம் கிழித்தது. அதிலிருந்து காற்றுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு வேலை செய்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரத் தெரிந்தவர்கள் அந்த மலையில் செத்துப்போய் எத்தனை ஆயிரம் வருஷமோ.

1953 ஆடி மாதம், மழை விட்ட ஒரு மத்தியானம், அவளுக்கு ஒன்று சரியாக அமைந்தது. பிறை வடிவம், வெளிச்சம் ஊடுருவும் கல், முதுகில் ஒழுங்கான பள்ளங்கள். முந்தானையிலிருந்த பழையதை அவிழ்த்து, இரண்டையும் ஒரு பலகைக்கல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டாக்கு செல்லசாமி ரோட்டைப் பார்க்க வந்தார். தகர டப்பியைத் திறந்து இரண்டையும் எடுத்து உள்ளே போட்டார்.

"ரெண்டு கெடச்சிருக்கு, சொல்லாம வச்சுக்கிட்டிருக்க."

ஒன்று தான் செய்தது என்று அவள் சொல்லவில்லை. பயத்தால் அல்ல என்று அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள். அவர் இரண்டையும் உற்றுப் பார்த்தார், வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் சும்மா இருந்துவிட்டாள்.

சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைக்கும் தாங்கவில்லை. அடுத்த பத்து நாளும் அவள் நடந்துகொண்டே இருந்தாள். வேலை விட்டதும் ஆற்றுக்கு இறங்குவாள், அங்கிருந்து ஏறி வருவாள், சோறு வைத்தால் இரண்டு பிடி தின்றுவிட்டு எழுந்து போவாள். கொழும்பிலிருந்து வருவதாகச் சொன்ன பெரிய மனிதர் வந்து துரை பங்களாவில் தங்கியிருந்தார். லியனகே மாத்தயா என்பார்கள், மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அழகுமுத்து வந்து லயத்தில் செய்தி சொன்னான்.

"ஒரு கல்லத் தூக்கி வெயிலுக்குப் புடிச்சு, இந்த மலைநாட்டுல இப்புடி ஒன்னு நான் பாத்ததில்லன்னு சொல்றாரு. படம் வரஞ்சாச்சு. புத்தகத்துல போடப் போறாராம்."

"எது? கண்ணாடி மாதிரி இருக்கே, அதுவா?" என்று ராக்காயி கேட்டாள்.

"அதேதான்."

அது தான் செய்தது என்று அவள் மூக்கனிடம் சொன்னாள். மூக்கன் திண்டாடிப் போனான்.

"வாய மூடிக்கிட்டு இரு. தொரைய ஏமாத்துனன்னு பேர வெட்டிருவாங்க. மனு இருக்கயில ஒன்ன நம்பித்தானே நான் இங்க நிக்கிறேன்."

"புத்தகத்துல பொய்யாப் போயிருமே."

"யாரு படிக்கப் போறா அத?"

"அந்த மாத்தயா படிப்பாரு. அவருக்கு அடுத்தாப்புல வர்றவரும் படிப்பாரு."

அவள் வெளியே போகாதபடி மூக்கன் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் பகல், சல்லி உடைக்கிற இடத்திலிருந்தே அவள் போனாள். லியனகே மாத்தயாவும் துரையும் கண்டாக்கும் மலைமுகட்டைப் பார்க்க அந்த வழியாகத்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் ரோட்டின் நடுவில் போய் நின்று, கிராமத்துக்காரர்களிடம் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் சொன்னாள்: கண்ணாடி மாதிரி இருக்கிற அந்தப் பிறைக்கல் பழசு இல்லை, தான் செய்தது.

துரை சிரித்தார். கண்டாக்கு சிரிக்கவில்லை.

"என்ன ராக்காயி, எல்லாருக்கும் முன்னால வெளயாட்டா? நான் என் கையால எடுத்த கல்லு அது."

"நீங்க எடுத்தது நெசந்தாங்கையா. நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

லியனகே மாத்தயா மெலிந்த மனிதர், தலையில் தொப்பி, கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழிருந்த தழும்பைப் பார்த்தார். இப்போதே ஒன்று செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்.

குவியலுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்து விரித்தாள். மூன்று ஆற்றுக்கல், மரைக்கொம்பு, தோல் பட்டி, தேய்க்கிற பாறைத்துண்டு. துரை சிரிப்பை நிறுத்தினார்.

முதல் கல் இரண்டாகப் பிளந்தது. இரண்டாவதில் நல்ல சில்லு கிளம்பியது, கொம்பை வைத்து அழுத்தும்போது நடுவில் ஒடிந்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்டாக்கு, "போதுங்க, இது நம்ம நேரத்தக் கெடுக்குது" என்று ஆரம்பித்தார். லியனகே மாத்தயா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சல்லிக் குவியலின் மேலேயே உட்கார்ந்தார்.

அவசரத்தில் கல்லைத் தட்டிக் கேட்காமல் எடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்குப் பட்டது. எழுந்துபோய்க் குவியலைக் கிளறினாள். ஏழெட்டைத் தட்டிப் பார்த்துக் கழித்தாள். ஒன்று கணீரென்றது. நடுத்தரக் கல்லை வலக்கையில் எடுத்தாள். இரண்டே அடி, மெல்லிய சில்லொன்று தோலின் மேல் விழுந்தது. விளிம்பைத் தேய்த்தாள். கொம்பை வைத்து அழுத்தினாள். டிக், டிக்கென்று செதில் தெறித்தது. கால்மணி நேரம் ஆயிற்று. பிறை ஒன்று வந்தது. முந்தியது போல அவ்வளவு அழகில்லை, ஒரு முனை சற்றுக் கோணல். அதை அவரிடம் நீட்டினாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து டப்பியை எடுத்து, பழையது, அவள் முந்திச் செய்தது, இப்போது செய்தது மூன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பழையதன் பள்ளங்களுக்குள் மஞ்சள் மண் ஏறி மங்கியிருந்தது. மற்ற இரண்டும் பளிச்சென்றிருந்தன.

"எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். அழகானது கிடைத்த ஆசையில் கண்ணை மூடிக்கொண்டேன் என்றும் சொன்னார். பிறகு துரை பங்களாவில் இருக்கும் பெட்டியில் இன்னும் எத்தனை உன்னுடையது என்று கேட்டார்.

டப்பியிலிருந்த அந்த ஒன்றுதான் என்றாள். அவர் நம்பாமல், பங்களாவுக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினார். நாற்பது கல் பஞ்சின் மேல் வரிசையாக இருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினாள். ஒன்பதைத் தனியாக வைத்தாள்.

"இதெல்லாம் உன்னுடையதா?"

"இல்லைங்க. இது யாருமே செய்யல. என் சுத்தியல் பட்டுச் செதறுனது. இரும்பு பட்ட கல்லு இப்புடி வெள்ளையா நசுங்கியிருக்கும்."

அந்த ஒன்பதும் கண்டாக்கு செல்லசாமி சேர்த்துக் கொடுத்தவை. கூட வந்திருந்த அவர் முகம் கறுத்துப்போனது. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்கும் பட்டது, ஆனால் சொல்லியாகிவிட்டது.

பேரை வெட்டவில்லை. மாத்தயா அறியத் துரை அப்படிச் செய்ய மாட்டார். ஆனால் அடுத்த வாரமே கண்டாக்கு அவளை ரோட்டிலிருந்து எடுத்து, லயத்திலிருந்து மூன்று மைல் ஏறும் கடைசி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போட்டார். மூக்கன் ஒரு மாதம் அவளுடன் சரியாகப் பேசவில்லை. கல்லும் கொம்பும் சாக்கிலேயே கிடந்தன. ஒருநாள் அவள் என் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று, "வாத்தியாரையா, எனக்கு இந்த மலையும் ஆகல. எங்கயாச்சும் போயிரணும் போல இருக்கு. போகவும் முடியல" என்றாள். டீ ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

தை மாதம் துரைக்கு லியனகே மாத்தயாவிடமிருந்து கடிதம் வந்தது. பதுளைப் பக்கம் ஒரு குகையைத் தோண்டுவதாகவும், கிளம்புகிற கல்லில் மனிதர் செய்தது எது, தானாக உடைந்தது எது என்று பிரிக்கத் தனக்கு ஆளில்லை என்றும், அந்தப் பெண்ணைப் பேர் வெட்டாமல் பதினாலு நாள், இரண்டு கிழமைக்கு அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். துரை சம்மதித்தார். மூக்கனும் கூடப் போனான், விட்டால் அப்படியே எங்காவது போய்விடுவாள் என்ற பயத்தில்.

அங்கே குகைவாயில் சல்லடைக்குப் பக்கத்தில் அவள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததை மூக்கன் அதிசயமாகச் சொன்னான். நாலாம் நாள் ஒரு மூலையிலிருந்து கூடை கூடையாக உடைசல் வந்தது. எல்லாம் பாதியில் ஒடிந்த பிறைகள். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாளாம். என்னவென்று மாத்தயா கேட்டார்.

"பாவம், இவனுக்கும் பத்துல ஒன்பது வரல" என்றாள். பிறகு ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவன் பீச்சாங்கைக்காரன். தட்டுன பக்கம் மாறியிருக்கு" என்றாள். மாத்தயா நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம், வருஷத்துக்கு இரண்டு கிழமை போய்வந்தாள். அந்த இரண்டு கிழமைக்காக மிச்ச ஐம்பது கிழமையையும் பொறுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். கண்டாக்கு செல்லசாமி ஓய்வுபெற்றுப் போகும்வரை அவளை ரோட்டுப் பக்கம் விடவில்லை. 1957இல் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியானது. முந்திய தோட்டமொன்றில் அவர்கள் இருந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி இல்லை. லியனகே மாத்தயா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், அது இந்த விஷயத்துக்கு உதவாது என்று திருப்பிவிட்டார்கள். மூக்கன் இரண்டு நாள் ஆலைக்குப் போகவில்லை. இத்தனை வருஷம் காலைக் கட்டிப்போட்டுக் கிடந்தது இதற்குத்தானா என்று அவள் கத்துவாள் என எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. அவனுடைய சோற்றுக் கோப்பையைக் கழுவி, அவன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

நான் கடைசியாக அவளைப் பார்த்தது 1965இல், பதுளை ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷனில். அதற்கு முந்திய வருஷம் இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் ஒப்பந்தம் செய்து, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று கையெழுத்துப் போட்டிருந்தன. லயமெங்கும் அதே பேச்சு. நான் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறி ஐந்து வருஷமாகியிருந்தது. ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். அவளும் மூக்கனும் பதுளைக்குப் போகக் காத்திருந்தார்கள். மாத்தயாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, அவருடைய இடத்துக்கு வந்த இளம் ஆள் கூப்பிட்டிருக்கிறாராம்.

"ரெண்டு நாட்டுல எதுக்கு எழுதிக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

மூக்கன் அவளைப் பார்த்தான்.

"இவரு இந்தியாப் பக்கம்ங்குறாரு. எனக்குப் புடிபடல வாத்தியாரையா" என்றாள். "நேத்து ஒன்னு தோணுது, இன்னைக்கு ஒன்னு தோணுது."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள், எழுந்தாள். மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். தண்டவாளத்தோரம் போட்டிருந்த சல்லியைக் குனிந்து பார்த்தாள். மூக்கன் மூட்டைகளைக் காலால் அணைத்துக்கொண்டு, அவள் எந்த முனையில் இருக்கிறாள் என்று பார்த்தபடி இருந்தான். தூரத்தில் ரயில் ஊதியபோது அவள்தான் முதலில் விளிம்புக்கு வந்து நின்றாள்.